பணியிடக் காதலைச் சொல்லும் படங்களில் உங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க வைத்த காட்சி எது?

ஒருத்தி ஒருவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்குகிறாள். அவ்வளவுதான் காட்சி.

படம் 1993-ல் வந்த 'தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே'. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்து, ஒரு பிரபுவின் மாளிகை. வேலையாட்களுக்கெல்லாம் தலைவரான பட்லர் ஸ்டீவன்ஸாக அந்தோணி ஹாப்கின்ஸ், வீட்டு நிர்வாகம் பார்க்கும் மிஸ் கென்டனாக எம்மா தாம்சன். அவள் வேலை கேட்டு வந்த அன்றே ஸ்டீவன்ஸ் சொல்லிவிடுகிறார்: காதலைத் தேடி வேலை வேலையாக மாறுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல். வேலையாட்கள் தங்களுக்குள் கல்யாணம் பண்ண ஆரம்பித்தால் வீடு தலைகீழாகிவிடும் என்று அவளும் ஆமோதிக்கிறாள்.

ஒருநாள் அவருடைய அறைக்குப் பூ வைக்க வருகிறாள் கென்டன். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கிறாள். "புத்தகம்" என்கிறார். அவள் கிட்டே வர வர அவர் பின்வாங்கி மூலையில் ஒட்டிக்கொள்கிறார், புத்தகம் நெஞ்சோடு. அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கிறாள். அவர் தடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. அவள் முகத்தையே பார்க்கிறார். கடைசியில் பார்த்தால் சாதாரணக் காதல் கதை! ஆங்கில அறிவை வளர்த்துக்கொள்ளத்தான் படிக்கிறேன் என்று மழுப்பிவிட்டு, என் ஓய்வு நேரத்தைக் கெடுக்காதீர்கள் என்று அனுப்பிவிடுகிறார்.

இதில் முதலாளி வந்து தடுக்கவில்லை, யாரும் ஒளிந்து பார்க்கவில்லை. நம் சீரியல்களில் கதவுக்குப் பின்னால் நிற்பதற்கென்றே ஒரு அத்தை இருப்பார். இங்கே அந்த அத்தை ஸ்டீவன்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்.

இன்னொன்று, 'மிஸ்டர்', 'மிஸ்' என்று அவர்கள் விடாமல் கூப்பிட்டுக்கொள்வது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் எல்லாரையும் வாடா போடா என்று பேசும் ஒருவர், கணக்குப் பிரிவில் ஒரே ஒரு பெண்ணை மட்டும் 'மேடம்' என்பார். அதிலேயே எங்களுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மரியாதை கூடினால் சந்தேகப்படலாம்.

கசுவோ இஷிகுரோவின் நாவல்தான் மூலம். ஆனால் திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா பல வருடம் டெல்லியில் வாழ்ந்தவர், தயாரிப்பாளர்களில் ஒருவரான இஸ்மாயில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்குவது அவர்களுக்கு நம் வீடுகளிலேயே பார்க்கக் கிடைத்திருக்கும்!

எட்டு ஆஸ்கர் பரிந்துரைகள், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

புத்தகக் காட்சியைவிட என்னை உலுக்கியது பிறகு வருவது. வேறொருவரை மணக்கச் சம்மதித்த இரவு கென்டன் தன் அறையில் அழுதுகொண்டிருக்கிறாள். ஸ்டீவன்ஸ் கதவைத் திறக்கிறார், அவள் அழுவதைப் பார்க்கிறார். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நாம் காத்திருக்கிறோம். காலை உணவு அறைக்கு வெளியே உள்ள அந்தச் சின்ன மாடத்தில் கொஞ்ச நாளாகத் தூசி துடைக்கவில்லை என்கிறார்.

பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள் அவள்.