சீசன் நேரத்தில் ஓய்வுநாள் முடியுமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கம் மாங்காய் மண்டி வைத்திருக்கிறேன். சீசன் தொடங்கிவிட்டால் எனக்கு ஞாயிறும் திங்களும் ஒன்றுதான். காலை ஆராதனைக்குத் தவறாமல் போகிறேன். ஆனால் பிரசங்கம் நடக்கும்போதே பாக்கெட்டில் போன் அதிர்கிறது. திருவிருந்து முடிந்த கையோடு மண்டிக்கு ஓடுகிறேன். ‘மாங்காய் காத்திருக்காது, சீசன் முடிந்தபின் ஓய்வெடுத்துக்கொள்ளலாம்’ என்பது என் எண்ணம். வீட்டில் மனைவிக்கு வருத்தம். நான் செய்வது பாவமா?
– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரரே, மாங்காய் காத்திருக்காது என்று நீங்கள் சொல்வதை மோசேயின் காலத்து விவசாயியும் சொல்லியிருப்பார். அதனால்தானோ என்னவோ, யாத்திராகமம் 34:21 ஏழாம் நாளில் ஓய்ந்திரு என்று சொல்வதோடு நிற்காமல், ‘விதைப்புக் காலத்திலும் அறுப்புக் காலத்திலும் ஓய்ந்திருப்பாயாக’ என்று சேர்த்துச் சொல்கிறது. வேலை இல்லாத மாதத்தில் ஓய்ந்திருக்க யாருக்கும் கட்டளை தேவையில்லை. உங்கள் ஜூன் மாதத்துக்காகவே எழுதப்பட்ட வசனம் இது.

கி.பி. 321-ல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாக அறிவித்தபோது, நீதிபதிகளும் நகரத்தாரும் வேலை செய்யக்கூடாது என்றார். ஆனால் விவசாயிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார், விதைக்கவும் கொடி நடவும் பருவம் தப்பிவிடக்கூடாது என்று. உங்கள் வாதமேதான். அரசருக்கு அது நியாயமாகப் பட்டது. வேதமோ அந்த விலக்கைக் கொடுக்கவில்லை.

நெகேமியா 13-ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை படியுங்கள். உங்கள் தொழிலே அதில் இருக்கிறது. ஓய்வுநாளில் ஆலையில் திராட்சை மிதிக்கிறார்கள், திராட்சைப்பழமும் அத்திப்பழமும் தானியமும் கழுதைமேல் ஏற்றி எருசலேமுக்குக் கொண்டுவருகிறார்கள். அங்கே ஆளுநராயிருந்த நெகேமியா முந்தின நாள் பொழுது சாயும்போதே நகரத்துக் கதவுகளைப் பூட்டச் சொல்கிறார். வியாபாரிகள் இரண்டொரு தரம் சரக்கோடு வெளியே படுத்துக் கிடந்தார்கள். அவர் கண்டித்த பிறகு ஓய்வுநாளில் வரவில்லை. கதவு திறக்காது என்று உறுதியாகத் தெரிந்தால் சந்தை தன்னை மாற்றிக்கொள்ளும்.

ஞாயிறா சனிக்கிழமையா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் அதற்குள் போகவில்லை. எந்த நாள் என்பதில் அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்கிற ரோமர் 14:5 போதும்.

உங்கள் கடிதத்தில் ஒரு குறை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஓய்வைப் பற்றி எழுதும்போது உங்களைப் பற்றி மட்டுமே எழுதியிருக்கிறீர்கள். லோடு இறக்குகிறவர்கள், உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிற பெண்கள், ஃபேக்டரிக்கு லாரி ஓட்டுகிறவர் யாரும் அதில் வரவில்லை. உபாகமம் 5-ல் இந்தக் கட்டளை வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் இருக்கும் அந்நியன் வரை பெயர் சொல்லிப் போகிறது. காரணமும் அங்கேயே இருக்கிறது: நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை நினைத்துக்கொள். அவர்கள் சபைக்கு வருகிறவர்களா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. நீங்கள் மண்டிக்குப் போகாமல் வீட்டில் இருந்துகொண்டு, அவர்கள் அங்கே மூட்டை சுமந்தால் அது ஓய்வுநாள் ஆசரிப்பே அல்ல என்று நான் நம்புகிறேன்.

ஆனால் தினக்கூலிக்கு வருகிறவருக்கு மண்டி பூட்டினால் அன்று சம்பளம் இல்லை. பட்டினியோடு கிடப்பது ஓய்வாகாது. வனாந்தரத்தில் ஆண்டவர் இஸ்ரவேலருக்கு ஆறாம் நாளில் இரண்டு நாளுக்கான மன்னா என்ற உணவைக் கொடுத்த பிறகுதான் ஏழாம் நாள் வெளியே போகாதே என்றார். அதனால் சனிக்கிழமைக் கூலியோடு ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்துக் கொடுங்கள். லாபத்தில் அது குறையத்தான் செய்யும்.

அப்புறம் நடைமுறை. ஃபேக்டரியில் மாங்கூழுக்குப் போகிற பெங்களூரா ரகத்தை முற்றிய காயாகத்தானே பறிக்கிறோம், நிழலில் கிரேட்டில் ஒரு நாள் தாங்கும். பழுத்துவரும் செந்தூரா ரகத்தைச் சனிக்கிழமைக்குள் தள்ளிவிடப் பாருங்கள். ஞாயிறு எடைபோட மாட்டோம் என்று தோட்டக்காரர்களிடம் வாரத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால், அவர்கள் பறிப்பை மாற்றிக்கொள்ள நேரம் இருக்கும். சிலர் வேறு மண்டிக்குப் போவார்கள். போனால் போகட்டும் என்று எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அந்த இழப்பு நிஜமானது. இருந்தாலும் செய்யுங்கள் என்றே சொல்வேன்.

சனிக்கிழமை ராத்திரி காற்றடித்துத் தோப்பெல்லாம் கொட்டிவிட்டால்? போய் அள்ளுங்கள். ஆடு குழியில் விழுந்தால் ஓய்வுநாளிலும் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசுவே கேட்டார். ‘மனுஷன் ஓய்வுநாளுக்காக உண்டாக்கப்படவில்லை, ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது’ என்றதும் அவரே. நீங்கள் பாவமா என்று கேட்டதற்கு என் பதிலும் அதில்தான் இருக்கிறது. உங்களுக்கென்று கொடுத்ததை நீங்கள் வாங்காமலே இருக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கும் ஆட்களுக்கும் கொடுத்ததையும் சேர்த்துத் தடுக்கிறீர்கள்.

மண்டி பூட்டியிருக்கும் முதல் ஞாயிற்றில் விருந்து வைத்துவிடாதீர்கள். அது மனைவிக்கு இன்னொரு வேலைநாள். முந்தின நாள் குழம்பைச் சுடவைத்துக்கொண்டு, எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டுவிட்டு, பாத்திரத்தை நீங்கள் கழுவுங்கள். போனை அணைத்துவிட்டு மத்தியானம் நன்றாகத் தூங்குங்கள். ஆராதனை முடிந்ததும் நடக்கிற கமிட்டிக் கூட்டம் உங்கள் சபையிலும் இருந்தால், அதை வார நாள் ஒன்றில் வைக்கச் சொல்லிப் போதகரிடம் கேளுங்கள். அவருக்கும் அன்று வேலைநாள்தான்.