மாலை வேண்டாம் என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஏழாம் வகுப்பிலிருந்து அப்பாவோடு மாலை போட்டு சபரிமலைக்குப் போய் வந்தவன், இந்தக் கார்த்திகைக்கு "எனக்கு வேணாம்" என்கிறான். எந்நேரமும் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான். "மாலை கழுத்தில் ஏறினால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார் வீட்டுக்காரர். வற்புறுத்தலாமா?
– வாசகி, தேனி

பதில்: வற்புறுத்தாதீர்கள், அம்மா. 41 நாள் விரதம் என்பது மாலை போடுகிறவனே எடுத்துக்கொள்ள வேண்டிய சங்கல்பம். கட்டாயத்தில் போட்ட மாலை பத்தாம் நாள் ஒரு சண்டையில் கழன்றால், சாமி குத்தம் என்ற பழி பிள்ளை மனதில் பல வருஷம் நிற்கும்.

ஏன் வேண்டாம் என்கிறான் என்று கேளுங்கள். பல வீடுகளில் தூக்கம்தான் சிக்கல். இந்த வயதில் இரவுத் தூக்கம் வரும் நேரமே தள்ளிப்போகும். 11 மணிக்குப் படுப்பவனை 4 மணிக்குப் பச்சைத்தண்ணீரில் குளிக்க எழுப்பினால் மிஞ்சுவது 5 மணி நேரம்; அவனுக்குத் தேவை 8 முதல் 10. வகுப்பில் தூங்கி வழிவான், வீட்டில் எரிந்து விழுவான். நாம் அதை பக்திக்குறைவு என்போம். டிசம்பரில் சூரியன் உதிக்க ஆறேகால் தாண்டிவிடும்; 5.30-க்குக் குளித்தாலும் விடியலுக்கு முன்தான். 9 மணிக்கு எல்லோர் போனும், அப்பாவுடையதும், கூடத்து அலமாரிக்குப் போகட்டும், 9.30-க்குப் படுக்கை. ஒருவேளைச் சாப்பாடு வளரும் பிள்ளைக்கு ஆகாது. மூன்று வேளையும் பருப்பு, சுண்டல், பால் என்று கொடுங்கள். வெறுங்காலும் கறுப்பு உடையும் பள்ளியில் கேலிக்கு ஆளாகிறதா என்றும் விசாரியுங்கள். அப்புறமும் மறுத்தால் விட்டுவிடுங்கள். இருமுடி கட்டும் அன்று தேங்காயில் நெய் ஊற்றக் கூப்பிடுங்கள், வந்தால் வரட்டும்.

எனக்குக் கவலை அந்தச் சாத்திய கதவுதான். மாலையை மட்டும் விட்டானா, விளையாட்டு, நண்பர்கள், பிடித்த சாப்பாடு எல்லாவற்றையுமா? இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலோ, கையில் கீறல்களை மறைக்க முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் திரிந்தாலோ, மாலை போடும் நாளுக்காகக் காத்திருக்காமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். "சாகணும்னு தோணுதாப்பா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள், மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் பூட்டி வையுங்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. மருத்துவர் மாத்திரை எழுதினால், அதை விரதத்துக்காக ஒரு நாள்கூட நிறுத்த வேண்டாம்.