கால்நடை கேள்வி–பதில்: உண்ணியைக் காட்டிக்கொடுக்கும் பால்

வெளிநாட்டில் பாலைச் சோதித்தே எந்த ஊரில் உண்ணி நோய் இருக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்களாமே? எங்கள் பால் சொசைட்டியில் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

ஐரோப்பாவில் செய்கிறார்கள். அங்கே உண்ணி கடித்து வரும் மூளைக்காய்ச்சல் ஒன்று உண்டு. அந்த வைரஸ் தொற்றிய ஆடு பெரும்பாலும் நோய்வாய்ப்படாது. ஆனால் சில நாள் பாலில் வைரஸ் இறங்கும். 1951-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் ரோஷ்னியாவா ஊரில், காய்ச்சாத ஆட்டுப்பால் பசும்பாலோடு கலந்து விற்பனைக்குப் போனதில் 600 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். வைரஸ் போன பின்பும் அதற்கு எதிராக உடம்பில் உண்டான ஆன்டிபாடி பாலில் கொஞ்ச காலம் நிற்கும். அதைத்தான் எலிசா என்ற ஆய்வுக்கூடச் சோதனையில் தேடுகிறார்கள். மாட்டைக் கட்டிப்போட்டு ரத்தம் எடுக்கும் பாடு இல்லை.

ஆனால் கேன் பாலை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. ரத்தத்தில் இருப்பதைவிடப் பாலில் ஆன்டிபாடி மிகக் குறைவு. 40 லிட்டர் கேனில் ஒரு மாட்டின் 5 லிட்டர் விழுந்தால் அது இன்னும் எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் மாடு மாடாகத்தான் எடுக்க வேண்டும். மடியைத் துடைத்து, முதல் மூன்று நான்கு பீச்சைத் தரையில் விட்டு, நான்கு காம்பிலும் சேர்த்து 30 மில்லி பிடித்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஈன்று ஒரு வாரம் ஆகாத மாடும் மடிநோய் கண்ட மாடும் வேண்டாம். சீம்பாலில் ஆன்டிபாடி குவிந்திருக்கும், மடி வீங்கினால் ரத்தத்தில் உள்ளது பாலில் கசியும். இரண்டுமே கணக்கைக் கெடுக்கும். இன்னொன்று: ஆன்டிபாடி இருந்தால் நோய் எப்போதோ வந்திருக்கிறது என்றுதான் பொருள், இன்று இருக்கிறது என்றல்ல.

அந்த ஐரோப்பிய வைரஸ் நம் பக்கம் கிடையாது. நம் மாடுகளுக்கு உண்ணியால் வரும் ரத்த நோய்களான தைலேரியா, பபேசியாவுக்கு இன்றும் காது நுனி ரத்தப் பூச்சுதான், அதாவது ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதுதான், கைகொடுக்கும்.

ஒன்பது லிட்டர் கறந்த ஜெர்சி கலப்புப் பசு இரண்டு நாளில் ஐந்து லிட்டராகிவிட்டது. காதுக்குள் உண்ணி. என்ன செய்ய?
– வாசகர், நாங்குநேரி

சோதனைக்கூடத்துக்கு முன்பே பால் உங்களிடம் சொல்லிவிட்டது. கறவை அளவைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். தீவனம் மாறாமல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலே ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 104-க்கு மேல் போய், தோளுக்கு முன்னால் நெறிகட்டி எலுமிச்சை போல உருண்டால் தைலேரியாவைச் சந்தேகிக்கலாம். மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போனால் பபேசியா. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. காய்ச்சலை மட்டும் இறக்கும் ஊசி போட்டு நாளைக் கடத்தினால் ரத்தம் வற்றி மாடு விழுந்துவிடும். தைலேரியாவுக்கு புபார்வாகோன், எடை கிலோவுக்கு 2.5 மில்லிகிராம், கழுத்துச் சதையில் ஆழமாக மருத்துவர் போடுவார். 1962 எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வரும். ரத்தப் பூச்சு எடுத்த பிறகே ஊசி போடச் சொல்லுங்கள்.

உண்ணிக்கு டெல்டாமெத்ரின் 1.25 சதவீத மருந்து, லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. ஒரு மாட்டுக்கு 2 முதல் 3 லிட்டர் கரைசல், கறந்த பிறகு, வெயில் தாழ்ந்து, மயிருக்கு எதிராக அடிக்க வேண்டும். முதுகை மட்டும் நனைத்துவிட்டு ‘மருந்து கேட்கவில்லை’ என்பவர்களே அதிகம். உண்ணி இருப்பது காதுக்குள், வாலடியில், மடிக்கும் தொடைக்கும் இடையில். ரத்தம் குடித்து விழும் ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தைலேரியாவைப் பரப்பும் உண்ணி தொழுவின் சுவர் வெடிப்பில் பதுங்கும். அங்கும் அடித்து, வெடிப்பைப் பூசி அடைத்துவிட்டு, மூன்று வாரத்தில் மறுபடி அடியுங்கள். அடுத்த கறவைக்கு முன் மடியை நன்றாகக் கழுவுங்கள். கறவை மாட்டுக்கு ஐவர்மெக்டின் ஊசி வேண்டாம். மருந்து பாலில் இறங்கும்.

தெருவில் இரண்டு பேருக்கு உண்ணிக் காய்ச்சல். எங்கள் மாட்டிலும் உண்ணி. பால் குடிக்கலாமா?
– வாசகி, களக்காடு

பெயர் செய்யும் குழப்பம் இது. மனிதருக்கு வரும் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்கிற ஸ்க்ரப் டைபஸைப் பரப்புவது புதரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. மாட்டு உண்ணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பாலில் வராது. காய்ச்சலோடு அக்குளிலோ இடுப்பிலோ சிகரெட் சுட்டது போலக் கருத்த புண் இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

தைலேரியாவும் பாலில் மனிதருக்கு வராது. ஆனால் கால்நடையிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் கியூ காய்ச்சல், மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா ஆகிய இரண்டின் கிருமிகளும் காய்ச்சாத பாலில் இருக்கலாம். 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி போதும், அவை சாகும். வீட்டில் பொங்கவிட்டு இறக்கினாலே அதைத் தாண்டிவிடுகிறது. கறந்த சூட்டோடு குடித்தால் உடம்புக்கு வலு என்பதையும், அபிஷேகம் செய்த பச்சைப்பாலை அப்படியே குழந்தைக்குக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள்.

உண்ணியைக் கையால் பிடுங்கி நசுக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

நசுக்காதீர்கள். அந்த ரத்தம் கைப்புண்ணில் படக் கூடாது. கையுறை போட்டு, இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மண்ணெண்ணெய் தடவினால் தோல்தான் வெந்துபோகும்.