கண் அறுவைக் கருவிகளை உருவாக்குவது: கேள்வி பதில்

மதுரை கே.புதூரில் கண் அறுவைக் கருவிகளைப் பழுது பார்ப்பதும், மருத்துவர்கள் கேட்கும் புதிய கருவிகளைச் செய்து கொடுப்பதும் என் தொழில். கருவி செய்ய முனைவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (இயந்திரவியல் மாணவர், திருப்பரங்குன்றம்): கண்புரை அறுவைக்குப் புதிய கருவி ஒன்றை உருவாக்க விரும்புகிறேன். எங்கே தொடங்க வேண்டும்?

பதில்: தம்பி, வரைபடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஒரு கண் மருத்துவரிடம் அனுமதி பெற்று, அறுவை அரங்கில் நுண்ணோக்கியோடு இணைந்த திரையில் பல அறுவைகளைப் பாருங்கள். எந்த இடத்தில் மருத்துவரின் கை தயங்குகிறது, எந்தக் கருவியை உள்ளே விட்டுவிட்டு உடனே வெளியே எடுத்து மாற்றுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். புதிய கருவிக்குத் தேவை இருப்பது அங்கேதான்.

அடுத்து, கருவி எதைத் தொடக் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கருவிழியின் (கார்னியாவின்) தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர். லென்ஸின் பின் உறையோ நடுப்பகுதியில் 4 மைக்ரான் அளவே இருக்கும்; ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது கிழிந்தால் அறுவையின் போக்கே மாறிவிடும். ஆகவே முனையின் ஒவ்வொரு விளிம்பையும் அந்த 4 மைக்ரானை மனத்தில் வைத்தே உருட்ட வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன், பல் மருத்துவர் காரை நீக்கப் பயன்படுத்தும் மீயொலிக் கருவியைக் கண்டு, அதே அதிர்வால் கண்புரையையும் உடைத்துச் சிறு துளை வழியாக உறிஞ்சி எடுக்கலாம் என்று எண்ணி, 1967-இல் ஃபேக்கோ முறையைக் கொண்டுவந்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். நொடிக்குப் பல்லாயிரம் முறை அதிரும் ஊசி சூடாகிக் கருவிழியைச் சுட்டுவிடும் என்பதால், அதைச் சுற்றி ஓர் உறையைப் போட்டு நீரை ஓடவிட வேண்டியிருந்தது; உறிஞ்சும் நீருக்கு ஈடாக உள்ளே நீர் வராவிட்டால் கண்ணின் முன்னறை (கருவிழிக்குப் பின்னே நீர் நிறைந்த இடம்) சரிந்துவிடும் என்பதால், அந்த வரவையும் செலவையும் சமன்படுத்த வேண்டியிருந்தது. ஊசியை அதிரவைப்பது உழைப்பில் ஒரு பங்கு. மீதி முழுவதும் நீரையும் வெப்பத்தையும் அடக்குவதில் போயிற்று. உங்கள் கருவியிலும் அப்படி ஒரு மறைந்த பங்கு இருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்த பிறகு வரைபடத்துக்கு வாருங்கள்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கருவியை எப்படிக் கழுவுவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் எதையும் செய்யத் தொடங்காதீர்கள்.

கேள்வி (நகைத் தொழிலாளி, தெற்கு ஆவணி மூல வீதி): தங்க வேலையில் நுண்ணிய சாமணங்களை நாங்களே செய்து கொள்கிறோம். கண் ஃபோர்செப்ஸும் எங்களால் செய்ய முடியுமா?

பதில்: ஐயா, உங்கள் கையும் கண்ணும் இந்தத் தொழிலுக்கு ஏற்றவை, நல்ல பொற்கொல்லருக்கு முனை தீட்டுவதை நான் கற்றுத்தர வேண்டியதில்லை. வேறுபாடு முனை சேரும் விதத்தில்தான் இருக்கிறது. கண்ணைத் தைக்கும் 10-0 அளவு நைலான் நூலைக் கட்டும் ஃபோர்செப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூலின் தடிமன் தலைமுடியில் பாதிகூட வராது. நுண்ணோக்கியின் கீழே வைத்து மெல்ல அழுத்தினால் நுனியும் நுனியும் முதலில் தொட வேண்டும்; அப்போது பின்னால் ஒரு மெல்லிய வெளிச்சக் கீற்று தெரியும். இன்னும் சற்று அழுத்தினால் அந்தக் கீற்று நுனியிலிருந்து பின்னோக்கி மூடிக்கொண்டே போக வேண்டும். மேலும் அழுத்தும்போது நுனி வாய் திறந்தால் நூல் நழுவிவிடும். அந்தக் கருவியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பளபளப்பும் கூடாது. நுண்ணோக்கியின் விளக்கு பட்டு மருத்துவரின் கண் கூசும் என்பதால் மங்கலான மெருகே வேண்டும்.

பற்றவைப்பை மட்டும் மறந்துவிடுங்கள். பற்றாசு ஓடிய இணைப்பில் நுண்ணிய இடுக்கு நிற்கும். அந்த இடுக்கில் நிற்பது எந்தக் கழுவலுக்கும் வெளியே வராது.

கேள்வி (லேத் பட்டறை உரிமையாளர், அனுப்பானடி): டைட்டானியத்தில் செய்வதா, துருவேறா எஃகில் செய்வதா?

பதில்: இரண்டிலும் செய்கிறோம். டைட்டானியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 4.5 கிராம், எஃகினுடையது 8-ஐ நெருங்கும். ஆகவே நாள் முழுதும் பிடிக்கும் கைக்கு டைட்டானியம் இலகு. உப்புநீரில் அது துருப்பிடிக்காது. காந்தம் ஏறாததால் தையல் ஊசி முனையில் ஒட்டிக்கொள்ளாது. ஆனால் வெப்பப் பதம் ஏற்றிய எஃகைப் போல அதன் விளிம்பு கூர்மையைத் தாங்காது. அதனால்தான் டைட்டானியக் கைப்பிடியில் எஃகு அலகு பொருத்திய கத்தரிகள் சந்தையில் இருக்கின்றன. உங்கள் லேத்துக்கு ஓர் எச்சரிக்கை: டைட்டானியத்தின் மெல்லிய சீவல் தீப்பற்றும், அந்தத் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணலை அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதியதும் இரண்டு மறுப்புகள் வந்தன. கண் மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒருவர், எஃகின் காலம் முடிந்துவிட்டது என்றும், இனி எஃகில் செய்வது மருத்துவரின் கைக்குச் செய்யும் அநியாயம் என்றும் எழுதினார். அனுப்பானடிக்காரர் விடவில்லை: டைட்டானிய நுனி ஒருமுறை வளைந்தால் நேராக்குவது பெரும்பாடு, எஃகு நுனியைப் பலமுறை சீர்செய்து தருகிறோம், சிறு ஊர் மருத்துவமனைக்கு எது கட்டுப்படியாகும் என்று அவர் திருப்பிக் கேட்டார். மாணவர் காந்தத்தையும் ஊசியையும் எடுத்துச் சொன்னார். இவர் எஃகின் காந்தத்தைப் போக்கும் எளிய கருவியைச் சொன்னார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. தையல் ஃபோர்செப்ஸுக்கு மாணவர் பக்கமும், வெட்டும் கருவிகளுக்கு அனுப்பானடிக்காரர் பக்கமும் நான் நிற்பேன்.

ஆனால் உசிலம்பட்டியிலிருந்து எழுதிய அறுவை அரங்கச் செவிலியர் சொன்னதே எனக்கு முதன்மையாகப் படுகிறது. எந்த உலோகமாக இருந்தாலும் நுனி உடைவது கண்ணுக்குள் அல்ல, தட்டில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கருவிகளைக் குவித்துக் கழுவப் போடும்போதுதான் என்கிறார் அந்த அம்மா. பழுதுக்கு வரும் கருவிகளில் நான் காண்பதும் இதுவே. நுனிக்குச் சிலிக்கோன் உறையும், கருவி ஒவ்வொன்றுக்கும் தனிக் குழி கொண்ட தட்டும் சேர்த்து வடிவமைப்பவரே முழுக் கருவியை வடிவமைத்தவர். உலோகம் பற்றிய விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

கேள்வி (பொறியியல் மாணவி, திருமங்கலம்): கண் கருவி உருவாக்கத்தை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள், அம்மா.

கேள்வி (கல்லூரி ஆசிரியர், மேலூர்): டாக்டர் வெங்கடசாமி விரல்கள் முடங்கிய நிலையில் எப்படி அறுவை செய்தார்?

பதில்: மதுரைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது இது. முப்பது வயதையொட்டி வந்த கடும் முடக்குவாதத்தால் அவர் விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவராக விரும்பியவர் கண் மருத்துவத்துக்கு மாறி, அந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தி பிடிக்கத் தம்மைப் பழக்கினார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். 1976-இல் 11 படுக்கைகளோடு அவர் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையிலிருந்து 1992-இல் ஆரோலேப் பிறந்து, இறக்குமதி விலையில் எட்டாத உள்விழி லென்ஸை மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்யத் தொடங்கியது. கைப்பிடியின் வடிவம் அழகுக்கானது என்று எண்ணும் மாணவர்கள் அவருடைய விரல்களை நினைத்துப் பார்க்க வேண்டும். சராசரிக் கை என்று ஒன்றை வைத்துக்கொண்டு வரைந்தால், எந்தக் கைக்கும் பொருந்தாத கருவிதான் வரும்.

கேள்வி (சோழவந்தான்): என் தாயாருக்குக் கண் அழுத்தம் கூடியிருக்கிறது. எந்தச் சொட்டு மருந்து நல்லது?

பதில்: இதற்குப் பதில் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி (பட்டயப் படிப்பு மாணவர், கப்பலூர்): காப்புரிமை எப்போது கேட்பது?

பதில்: யாருக்கும் காட்டுவதற்கு முன்பு. மாநாட்டில் காட்டிவிட்டால் புதுமை போய்விடக்கூடும். முதலில் தற்காலிக விவரணத்தைப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் முழு விவரணத்தைக் கொடுக்கலாம். 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(i) பிரிவுப்படி அறுவை முறைக்குக் காப்புரிமை கிடைக்காது, கருவிக்குக் கேட்கலாம்.

கேள்வி (உயிர்மருத்துவப் பொறியாளர், மதுரை): விழித்திரை அறுவைக் குழாய்கள் 20, 23, 25, 27 கேஜ் என்று மெலிந்துகொண்டே போகின்றன. இன்னும் மெலிதாக்க என்ன தடை?

பதில்: இன்று வந்தவற்றில் எனக்குப் பிடித்த கேள்வி. 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் மாக்கமர் கண்ணின் பின்னறைக் கூழை வெட்டி உறிஞ்சும் கருவியைக் கொண்டுவந்தபோது, வெட்டுவதும் உறிஞ்சுவதும் நீர் விடுவதும் ஒரே தடித்த குழாயில் இருந்தன. பிறகு அவை மூன்று துளைகளாகப் பிரிந்ததால் ஒவ்வொன்றும் மெலிய முடிந்தது. 25 கேஜ் அளவில், சுமார் அரை மில்லிமீட்டர் துளையில், தையலே தேவையற்றுப் போயிற்று.

தடை கணக்கில் இருக்கிறது. குழாயின் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. உள்ளே ஓடும் நீரின் அளவும் உள்விட்டத்தின் நான்காம் அடுக்கையே பொறுத்தது. விட்டத்தைப் பாதியாக்கினால் இரண்டும் பதினாறில் ஒரு பங்காகிவிடும். அறுவையின்போது மருத்துவர் கண்ணைத் திருப்புவதும் இந்தக் குழாயைக் கொண்டுதான்; வளையும் குழாயால் அது முடியாது. குழாயைக் குட்டையாக்கியும், வெட்டும் வேகத்தைக் கூட்டியும் இதை ஓரளவு ஈடுகட்டுகிறார்கள். அவ்வளவு மெல்லிய குழாயைக் கழுவ முடியாது. ஒருமுறை பயன்படுத்தி எறிவதாகவே அதை வடிவமைக்க வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல்): கழுவுவதைப் பற்றியே ஏன் மீண்டும் மீண்டும் சொல்கிறீர்கள்? ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலனில்) வைத்தால் கிருமி சாகாதா?

பதில்: கிருமி சாகும், அழுக்கும் சோப்பும் அங்கேயே இருக்கும். கேனுலா என்னும் மெல்லிய குழாய்க்குள் தங்கிய கழுவுமருந்தின் மிச்சம் கண்ணுக்குள் போனால், கிருமி ஏதும் இல்லாமலேயே ஓரிரு நாளில் முன்னறை கடுமையாக அழன்று கருவிழி மங்கும். அறுவை சிறப்பாக நடந்த கண்ணிலும் இது நேரலாம். மீண்டும் மீண்டும் சொல்வேன்.

கேள்வி (இளம் தொழில்முனைவோர், வாடிப்பட்டி): மாதிரிக் கருவியை எதில் சோதிப்பது?

பதில்: கசாப்புக் கடையில் அன்றே வாங்கிய ஆட்டுக்கண்ணில் சோதியுங்கள், நேரமானால் கருவிழி மங்கி உள்ளே எதுவும் தெரியாது. ஆட்டின் லென்ஸ் உறை மனித உறையைவிடத் தடிப்பானது என்பதால், அங்கே கிழிக்கவில்லை என்பது போதிய சான்று ஆகாது. மனிதக் கண்ணுக்குக் கொண்டுபோவதற்கு முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகளின்படி வேண்டிய அனுமதியும் பெற வேண்டும். இவற்றுக்கெல்லாம் முன்பாக, உங்கள் கருவியில் குழாய் இருந்தால், அரங்கில் கழுவுவதைப் போலவே பலமுறை கழுவி, ஆட்டோகிளேவில் வைத்து எடுத்து, ஒரு மாதிரியை நீளவாக்கில் அறுத்து, உட்சுவரை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.