‘நான் உடலா, வேறா?’ என்ற கேள்விக்குத் தியானத்தில் விடை கிடைக்குமா?

கேள்வி: உடல் வேறு, நான் வேறு என்று நிறையப் படித்துவிட்டேன். ஒப்புக்கொள்ளவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை. தியானத்தில் இது தீருமா? இருப்பது கடலூரில்.

பதில்: தீராது. ஆனால் வாதம் எந்த இடத்தில் இடிக்கிறது என்பது பிடிபடும். உங்கள் மாவட்டத்துப் பெண்ணாகடத்தில் பிறந்தவராகச் சொல்லப்படும் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் தந்த சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலில் 12 நூற்பாக்கள். மூன்றாவதை மட்டும் எடுங்கள். ஆன்மா உண்டு என்பதற்கு நான்கே அடிகளில் ஏழு காரணம் சொல்கிறது. ஒவ்வொரு காரணமும் ஒரு சொற்றொடர். காரணத்துக்கு ஒரு வாரம்.

காலையில் அரை மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் மூச்சை மாற்றாமல் கவனியுங்கள். மனம் ஓரளவு அடங்கியதும் அந்த வாரத்துச் சொற்றொடரை ஒரே ஒரு முறை மனத்துக்குள் சொல்லி, அது சுட்டும் அனுபவத்தைத் தேடுங்கள். எழுந்ததும் கண்டதை இரண்டு வரி எழுதுங்கள். நினைத்ததை அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான். சொற்றொடரை மந்திரம்போல் உருப்போடுவார்கள். படித்த விடையையே மனம் திருப்பிச் சொல்லும். அதை அனுபவம் என்று எழுதிவிடுவார்கள். ஒளி தெரிந்தது, ஓசை கேட்டது என்பதும் இந்தக் கேள்விக்குச் சான்றாகாது.

‘ஐம்புலன்’ வாரத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை நல்ல இடம். விடியலில் போங்கள், மாலையில் கூட்டம் தாங்காது. கண்ணை மூடினால் காதுக்கு அலை, மூக்குக்கு மீன்வாடை, தோலுக்கு உப்புக்காற்று. காதுக்கு வாடை தெரியாது, மூக்குக்கு ஓசை தெரியாது. மூன்றையும் சேர்த்துக் ‘கடல்’ என்று அறிவது எது? உடனே ‘மூளை’ என்றோ ‘ஆன்மா’ என்றோ சொல்லாதீர்கள், இரண்டும் படித்த பதில்தான். அந்தச் சேர்க்கை நடக்கும்போதே தெரிகிறதா, நடந்து முடிந்த பிறகுதான் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

‘எனது உடல் என்றலின்’, அதாவது ‘என் உடல்’ என்று சொல்வதால் உடல் நானல்ல என்ற வாதம், எனக்குப் பலவீனமாகவே படுகிறது. ‘என் உயிர்’ என்றும்தானே சொல்கிறோம்? பேச்சுவழக்கை வைத்து இதை நிறுவ முடியாது. அதனால் சொல்லை விட்டுவிட்டு, மரத்துப்போகும் காலைக் கவனியுங்கள். வலிக்கு ஓர் இடம் இருக்கிறது. வலியை அறிவதற்கும் இடம் உண்டா? (மூட்டுவலி உள்ளவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். வலியை வளர்ப்பது நோக்கமில்லை.)

‘கண்படில் உண்டிவினை இன்மையின்’: உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது, ஆனால் உண்பதும் இல்லை, செயலும் இல்லை, ஆகவே மூச்சு நானல்ல என்பது வாதம். இதை உட்கார்ந்து பார்க்க வழியில்லை. விழித்ததும், போனை எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் பார்க்கலாம்.

அதிக நாள் கொடுக்க வேண்டியது ‘உணர்த்த உணர்தலின்’. மூச்சைக் கவனிக்கையில் மனம் எங்கோ போய்விடும். திடீரென்று ‘போய்விட்டேன்’ என்று தெரியும். அந்தத் திரும்புதலை நீங்களா செய்தீர்கள்? அதற்கு முந்தைய கணம் வரை போனதே தெரியாதே! உயிர் தானாக அறிவதில்லை, உணர்த்தினால் அறிகிறது, ஆகவே அது கடவுளும் அல்ல என்பது இந்தச் சொற்றொடரின் முடிவு. உயிரும் கடவுளும் ஒன்றே என்னும் அத்வைதியோ, அலைந்தது மனம், அறிவு ஒருபோதும் மறையவில்லை என்பார். ஒரே அனுபவம் இரண்டுக்கும் இடம் கொடுப்பதால், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாலும் இந்த வழக்கு தீராது. இங்கே நூலுக்குத் திரும்புங்கள். இந்த நூலுக்குச் சிவஞான முனிவர் எழுதிய சிற்றுரையை உங்கள் குறிப்பேட்டோடு வைத்துப் படியுங்கள். அவரே எழுதிய விரிவான உரையான மாபாடியத்தை இப்போதே தொட வேண்டாம்.