ஐசி உட்காராத போர்டுகள்: பிரின்ட் அளவு பற்றிய கேள்வி-பதில்

வீட்டில் சுற்றுப் படத்தை லேசர் பிரின்டரில் பளபளப்பான தாளில் எடுத்து, அந்த டோனரை (மைத்தூளை) அயன் பண்ணி செப்புப் போர்டில் ஒட்டி, மிச்சச் செப்பைக் கரைத்து பிசிபி (மின்சுற்றுப் போர்ட்) செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளில், அளவு சம்பந்தமானவற்றை மட்டும் இம்முறை எடுத்திருக்கிறேன்.

எட்டுக் கால் ஐசி (மின்சில்லு) சரியாக உட்காருகிறது. அதே போர்டில் 40 கால் மைக்ரோகன்ட்ரோலர் உள்ளே போகவே இல்லை. துளை போட்டதில் பிழையா?
(ஏ/எல் தொழில்நுட்ப மாணவர், கல்முனை)

துளையில் பிழை இல்லை தம்பி, முழுப் படமும் சுருங்கியிருக்கிறது. ஐசியில் காலுக்குக் கால் 2.54 மி.மீ. இடைவெளி. எட்டுக் கால் ஐசியில் ஒரு பக்கத்துக்கு மூன்று இடைவெளிதான், 7.62 மி.மீ. படம் 3 வீதம் சுருங்கினாலும் அதில் 0.25 மி.மீ.கூடக் குறையாது. காலைக் கொஞ்சம் வளைத்தால் போய்விடும். 40 காலில் ஒரு பக்கத்துக்கு 19 இடைவெளி, 48.26 மி.மீ. அதே 3 வீதம் அங்கே ஏறக்குறைய ஒன்றரை மி.மீ. ஆகி, கடைசிக் கால் துளையைத் தாண்டி வெறும் போர்டில் முட்டும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது, பிடிஎப் பிரின்ட் பண்ணும்போது வரும் ‘ஃபிட்’ என்ற தெரிவை. பிரின்டர் தாளின் ஓரத்தில் விடும் வெற்றிடத்துக்குள் பக்கத்தை அடக்க, மென்பொருள் தானாகவே படத்தைச் சிறிதாக்கிவிடும். ‘அக்சுவல் சைஸ்’ அல்லது 100 வீதம் என்று மாற்றுங்கள். அப்புறம் தாள் அளவு. நம் கடைகளில் இருப்பது ஏ4, 297 மி.மீ. நீளம். பிரின்டர் செட்டிங்கில் லெட்டர் என்று இருந்தால் அது 279.4 மி.மீ.தான். ஏ4 பக்கத்தை அதற்குள் அடக்கினால் படம் 94 வீதமாகிவிடும்.

கொமினிகேசன் கடையில் பிரின்ட் எடுப்பவர்கள் ஒரு அடிமட்டம் கொண்டுபோங்கள். படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடு ஒன்றைக் கிடையாகவும் இன்னொன்றை நிலைக்குத்தாகவும் வரைந்து, முதலில் சாதாரண தாளில் எடுத்து, கடையிலேயே அளந்து பாருங்கள். பளபளப்பான தாள் அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சாதாரண தாளை ரெஜிபோம் துண்டின் மேல் விரித்து, ஐசியின் கால்களை அச்சான புள்ளிகளில் குத்துங்கள். எல்லாக் காலும் புள்ளியின் நடுவில் இறங்கினால் தைரியமாக அயனைச் சூடாக்கலாம். செப்பைக் கரைத்த பிறகு அளவை யாராலும் திருத்த முடியாது.

படத்தை வட்சப்பில் கடைக்கு அனுப்பினேன். வேர்டில் ஒட்டி எடுத்தார்கள். அளவு எங்கோ போய்விட்டது.
(காத்தான்குடி)

படமாக அனுப்பவே வேண்டாம். 50 மி.மீ. போர்டை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) சேமித்தால் 1181 பிக்சல். அதையே 96 டிபிஐ என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளுக்கு அது 312 மி.மீ. பக்கத்துக்குள் அடங்காததால் வேர்ட் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். போதாததற்கு, வட்சப் படத்தை நெருக்கி, கோடுகளின் ஓரத்தையும் மங்கலாக்கிவிடும். பிடிஎப் ஆக்கி, ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள்.

எல்லாம் 100 வீதம்தான். அகலம் சரி, ஆனால் 150 மி.மீ. நீளக் கோடு 148.8 தான் வருகிறது.
(வந்தாறுமூலை)

இது மென்பொருளின் வேலை இல்லை. மென்பொருள் சுருக்கினால் இரண்டு பக்கமும் ஒரே அளவில் குறையும். ஒரு பக்கம் மட்டும் குறைந்தால், பிரின்டர் தாளை இழுக்கும் வேகத்திலோ தாளிலோதான் காரணம் இருக்கிறது. மாரி காலத்தில் நம் பக்கம் திறந்து வைத்த தாள் ஈரத்தை நன்றாகக் குடித்துவிடும். லேசர் பிரின்டரின் சூட்டில் அந்த ஈரம் போகும்போது தாள் சுருங்கும். வெற்றுத் தாளாகவே ஒரு தடவை பிரின்டருக்குள் ஓடவிட்டு, சூடு ஆற முன் அதிலேயே பிரின்ட் எடுங்கள்.

அப்படியும் குறைந்தால் 150ஐ 148.8ஆல் வகுங்கள், 1.008 வரும். போர்ட் வரையும் மென்பொருளான கீகேடில் (KiCad) போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சுக் கோப்பாகப் பிளொட் எடுக்கும்போது எக்ஸ், வை இரண்டுக்கும் தனித்தனியாக அளவு கொடுக்கலாம். குறைகிற பக்கத்துக்கு மட்டும் 1.008 கொடுங்கள். இந்தத் திருத்தம் அந்தப் பிரின்டருக்கு மட்டும்தான் பொருந்தும். படத்தை 90 பாகை திருப்பினால் அந்தக் குறைவு மற்றப் பக்கத்துக்குப் போய்விடும், ஆகவே எப்போதும் ஒரே திசையில் வைத்தே எடுங்கள்.

அர்டுயினோ ஊனோ என்ற ஆயத்த மைக்ரோகன்ட்ரோலர் போர்டின் மேல் பொருத்த ஒரு போர்ட் செய்தேன். கோட்டை அளந்தேன், அளவு சரி. ஆனாலும் ஒரு வரிசை பின் இறங்கவில்லை.
(அக்கரைப்பற்று)

பிரின்டரைக் குறை சொல்ல வேண்டாம். ஊனோவில் 7ஆம், 8ஆம் பின்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி 2.54 இல்லை, ஏறக்குறைய 4.06 மி.மீ. நீங்கள் அந்த வரிசை முழுவதையும் சம இடைவெளியில் வரைந்திருப்பீர்கள். மென்பொருளிலேயே ஊனோவுக்கான ஆயத்த வடிவம் இருக்கிறது, அதை எடுத்துப் பாவியுங்கள்.

பிரின்ட் எடுக்கும்போது படத்தை இடம் வலம் மாற்றும் ‘மிரர்’ போடுவதா, வேண்டாமா? ஒவ்வொரு முறையும் குழம்புகிறேன்.
(ஏறாவூர்)

கீழ்ப் பக்கத்துக்கு வேண்டாம், மேல் பக்கத்துக்கு வேண்டும். மென்பொருள் கீழ்ப் பக்கத்தை மேலிருந்து பார்ப்பது போலத்தான் காட்டுகிறது, அதனால் அது ஏற்கெனவே இடம் வலம் மாறித்தான் இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் போர்டில் ஒரு எழுத்து போட்டுவையுங்கள். தாளில் அது கண்ணாடியில் தெரிவது போல மாறித் தெரிந்தால், அயன் பண்ணியதும் செப்பில் நேராக வரும்.