டிக்கெட்டில் 6இ, ஆப்பில் ஐஜிஓ, ரேடியோவில் 'ஐஃப்ளை': எது சரி?

ஏற்காடு லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று, வானில் போகும் விமானங்களைக் காட்டும் ஆப்பைப் பார்த்தேன், பெயரும் எண்ணும் டிக்கெட்டோடு பொருந்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். மூன்றும் சரி, மூன்றும் இண்டிகோதான். 6இ டிக்கெட் விற்பனைக்கு, விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐஏடிஏ கொடுத்த இரண்டு இடக் குறி. ஐஜிஓ விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்கு. 'ஐஃப்ளை' விமானி வாயால் சொல்லும் பெயர். பின்னவை இரண்டையும் நிறுவனம் கேட்க, அந்த நாட்டு அரசு வழியாக ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ பதிவு செய்யும். வேறொரு பெயரோடு காதில் குழம்பக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. மற்றபடி நிறுவனப் பெயரே இருக்க வேண்டும் என்றில்லை. பிரிட்டிஷ் ஏர்வேஸ் வானில் 'ஸ்பீட்பேர்ட்'. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தபோது எண்ணும் பொருந்தவில்லை என்கிறீர்களே, அதற்குப் பெரும்பாலும் காரணம் இது: ஒரே வான்பகுதியில் 415, 451 என்று இரண்டு விமானம் வந்தால் குழப்பம். அதனால் பல நிறுவனங்கள் டிக்கெட் எண்ணை விட்டுவிட்டு, எண்ணும் எழுத்தும் கலந்த அழைப்புக்குறி, அதாவது ரேடியோவில் விமானத்தைக் கூப்பிடும் பெயர், வைக்கின்றன.

ஆப்பில் அந்த விமானத்தைத் தொட்டு, புறப்பட்ட ஊர், சேரும் ஊர், நேரம் மூன்றையும் டிக்கெட்டோடு ஒப்பிடுங்கள். சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் இறங்குகிறதா, மேலே கடந்து போகிறதா என்பது உயரத்தைப் பார்த்தாலே தெரியும். விடி என்று தொடங்கும் பதிவெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது விமானத்துக்கு உரியது. நாளைக்கு அதே விமானம் வேறு ஊருக்குப் போகும். ஆனால் தனியார் சிறு விமானம் என்றால் அந்தப் பதிவெண்ணேதான் பெரும்பாலும் அழைப்புக்குறி.

ஒன்று மட்டும்: ஆப்பில் தெரிவது விமானி அறையில் உள்ளிட்ட குறி. அங்கே ஓர் எழுத்து தவறினால் இங்கேயும் தவறாகத்தான் வரும்.